அடங்காத நெஞ்செரிவும் அதற்கான மருந்துப் பரீட்சையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்திலே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும் குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருவீதியும் சந்திக்கும் இடத்தில் அமைந்த தம்புள்ளை, யாத்திரிகர்களுக்கு அதன் குகை விகாரையினாலும், நாட்டின் சமையலறைகளுக்கு 1999ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தினாலும் பிரசித்தி பெற்றது. நுவரெலியாவின் கோவாவும் கரட்டும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், சுற்றுவட்டாரத்து மிளகாயும் பூசணியும் இரவோடிரவாக வந்திறங்கி, விலை பேசப்பட்டு, வேறு லொறிகளில் ஏறி நாட்டின் நாலாதிசைகளுக்கும் புறப்பட்டுப் போகின்ற அந்தச் சந்தையிலே, மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கும் லொறிச் சாரதிகளுக்கும் கமிஷன் வியாபாரிகளுக்கும் நடுநிசியே உண்ணும் நேரம். அகாலத்தில் ஒரு கொத்து ரொட்டி, அதன்மேல் ஒரு பிளேன்ரீ, ஒரு வாய் வெற்றிலை, முதுகு வலிக்கு ஒரு குளிசை, பிறகு லொறியின் ஆசனத்திலோ சாக்கு மூட்டையின் மேலோ உடனே ஒரு சாய்வு என்று வாழ்க்கை அமைந்துவிட்ட மனிதருக்கு நெஞ்சு எரியாதிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அந்த எரிவையும், புளித்த ஏப்பத்தையும், உண்டது தொண்டை வரை எதுக்களிப்பதையும் அவர்கள் ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்ற ஒரே பெயரில் அடக்கி, பாமசியில் ஒரு கார்டு ஒமிப்ரசோல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எரியும்போது ஒன்று விழுங்கி, எரியாதபோது மறந்து, ஆறு மாதம் கழித்து, “டொக்டர், இந்தக் குளிசை எனக்குக் கேட்கவில்லை” என்று வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே முறையிடுகிறார்கள்.

சாதாரண மருந்துக்கு அடங்காத இந்த நெஞ்செரிவுக்குப் புதிய சிகிச்சைகள் உலகெங்கும் பரீட்சிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் செய்தி நமது பத்திரிகைகளிலும் அவ்வப்போது ‘அற்புத நிவாரணம்’ என்ற தலைப்புடன் வந்து போகிறது. அந்தப் பரீட்சைகளின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்பவருக்கு, புதிய மருந்தின் குணத்தைக் காட்டிலும், அதைப் பரீட்சிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட நோயாளி யார் என்ற கேள்வியே பெரியதென்பது புலனாகும். அடங்காத வியாதி என்று நாம் சொல்வதிலே பாதிக்கு மேற்பட்டது வேறு வியாதி, அல்லது சரியாக உட்கொள்ளப்படாத மருந்து என்பது என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரத்தைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

இரைப்பையின் அமிலத்தை அடக்கும் வித்தை மிகவும் பழையதன்று. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானியின் குழுவினர் கண்ட சிமெற்றிடின் 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை சத்திரசிகிச்சை நிபுணரின் கத்திக்குக் காத்திருந்த குடற்புண் நோயாளர் பலர் குளிசையோடு வீடு திரும்பினர். 1988ஆம் ஆண்டில் பிளாக் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் சுவீடனில் உருவான ஒமிப்ரசோல் சந்தைக்கு வந்து, அவருடைய மருந்தைப் பின்தள்ளிவிட்டது. இரைப்பைச் சுவரிலுள்ள உயிரணுக்கள் அமிலத்தை வெளித்தள்ளுவதற்கு ஒருவகைப் பம்பினை உபயோகிக்கின்றன. அந்தப் பம்பு வேலை செய்துகொண்டிருக்கும் சமயத்தில் மாத்திரமே ஒமிப்ரசோல் அதனோடு பிணைந்து அதை முடக்கவல்லது. உணவு உள்ளே சென்றதும் பம்புகள் இயங்குகின்றன. ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகக் குளிசையை விழுங்கியிருக்க வேண்டும். எரியும்போது விழுங்கும் குளிசை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் பம்புகளைத் தேடிச் சென்று, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. “காலை உணவுக்கு முன்” என்று உறையில் எழுதிக் கொடுக்கும் நமது வழக்கம், காலை ஏழு மணிக்கு உறங்கப் போகும் தம்புள்ளைச் சாரதிக்கு என்ன பிரயோஜனத்தைத் தரும் என்று எழுதிக் கொடுப்பவர் யோசிப்பதில்லை. அவருடைய பெரிய உணவு எந்த மணிக்கு என்று கேட்டறிய ஒரு நிமிஷம் போதும். இருநூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவிலே அந்த ஒரு நிமிஷம்தான் அகப்படுவதில்லை.

இனி, மேலே சொன்ன ஆதாரத்துக்கு வருவோம். அமெரிக்காவிலே முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலைகளில் ஸ்டுவர்ட் ஸ்பெக்லர் என்ற இரைப்பைக்குடல் நிபுணரும் அவரது சகாக்களும் நடத்தி, 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட பரீட்சை ஒன்று இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். ஒமிப்ரசோல் வகைக் குளிசைகளுக்கு அடங்காத நெஞ்செரிவு என்று வைத்தியர்களால் அனுப்பப்பட்ட 366 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புதிய சிகிச்சை எதையும் தொடங்குமுன், ஒமிப்ரசோலை நாளுக்கு இருமுறை 20 மில்லிகிராம் வீதம், சரியான நேரத்தில், இரண்டு வாரம் உட்கொள்ளுமாறு எல்லாரையும் பணித்தார்கள். அந்த இரண்டே வாரத்தில் 42 பேருக்கு நெஞ்செரிவு தணிந்துவிட்டது. பல ஆண்டுகளாக அடங்காதென்று சுமந்து திரிந்த வியாதி, சொன்னபடி மருந்தை உண்டதும் அடங்கிற்று!

எஞ்சியோருக்கு உட்காணும் குழாய்ப் பரிசோதனை, உணவுக்குழாயின் தசையழுத்தத்தை அளத்தல், மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி ஒரு நாள் முழுவதும் மேலேறி வரும் திரவத்தையும் அதன் அமிலத்தன்மையையும் பதிவு செய்தல் என்ற பரிசோதனைகள் நடந்தன. 70 பேர் பரிசோதனைகளின்போது வெவ்வேறு காரணங்களால் விலக்கப்பட்டனர். 54 பேர் அவற்றை முடிக்கவில்லை. 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு வியாதி இருந்தது. 99 பேருக்கோ, எரிவு மெய்யாக இருந்தும் அதற்கு ஈடான அமிலமும் இல்லை, மேலேறும் திரவத்தோடு சம்பந்தமும் இல்லை. நரம்புகளின் மிகையுணர்ச்சியே அங்கே காரணம். இவர்களையெல்லாம் கழித்தபின், மருந்துக்கு அடங்காத உண்மையான எதுக்களிப்பு நோயாளர் என்று எஞ்சியவர் 78 பேர்.

366 பேரில் 78! ஐந்தில் ஒருவரைவிடச் சிறிதே அதிகம். மற்ற நால்வரையும் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய குளிசையைப் பரீட்சித்திருந்தால், அக்குளிசை அமிர்தமாகவே இருந்திருப்பினும் தோல்வி கண்டிருக்கும். அல்லது, தாமாகவே தணியக் கூடியவர்களின் தணிவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, தகுதியில்லாத குளிசை வெற்றி பெற்றிருக்கும். பதரோடு நெல்லை அளந்து விளைச்சல் சொல்வது போன்ற காரியம் அது.

அந்த 78 பேரை மூன்று கூட்டமாகச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சத்திரசிகிச்சை. இரண்டாவதற்கு ஒமிப்ரசோலோடு, உணவுக்குழாயின் கீழ்வாயிற் தசை அடிக்கடி தளர்வதைக் குறைக்கும் பெக்லோபின் என்ற மருந்தும், வேண்டியபோது நரம்புணர்ச்சியை மட்டுப்படுத்தும் டெசிப்ரமின் என்ற மருந்தும். மூன்றாவதற்கு ஒமிப்ரசோலோடு வெறும் மாவுக் குளிசை. ஓராண்டின் முடிவில் தொல்லை பாதியாகவாவது குறைந்திருந்தால் வெற்றி என்று கணக்கு. சத்திரசிகிச்சை பெற்ற 27 பேரில் 18 பேர், அதாவது நூற்றுக்கு 67 பேர், வெற்றி கண்டனர். கூடுதல் மருந்துண்ட 25 பேரில் 7 பேர். மாவுக் குளிசை உண்ட 26 பேரில் 3 பேர்.

இதைக் கண்டு, கத்தியே கதி என்று முடிவுகட்டிவிடுவோரும் உண்டு. நான் அவசரப்பட மாட்டேன். ருடோல்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் 1955இல் செய்து மறுவருஷம் உலகுக்கு அறிவித்த முறையின் வழி வந்ததே இந்தச் சிகிச்சை. இரைப்பையின் மேற்பாகத்தை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றி மடித்துத் தைத்து, எதுக்களிப்பதைத் தடுப்பது. இதே ஸ்பெக்லர், பழைய பரீட்சை ஒன்றில் கத்திக்கு உட்பட்டவர்களைச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிக் கண்டுபிடித்து 2001இல் எழுதிய கட்டுரையில், அவர்களில் நூற்றுக்கு 62 பேர் மறுபடியும் ஒழுங்காக அமில மருந்து உண்டுகொண்டிருந்ததாகத் தெரிவித்தார். ஓராண்டு வெற்றி பத்தாண்டு வெற்றியாகாது. மேலும், மாவுக் குளிசையைக் கொடுத்து நோயாளியை மயக்கத்தில் வைப்பது போல் மாவுச் சத்திரசிகிச்சை செய்து காட்டுவது எளிதன்று. வயிற்றில் வடுவைக் கண்டவர் தமக்கு ஏதோ பெரிய காரியம் நடந்ததென்று நம்புவார். அந்த நம்பிக்கையும் அந்த 67இல் ஒரு பங்கைப் பெற்றிருக்கக் கூடும்.

நம்பிக்கையின் பங்கு இந்த வியாதியில் எவ்வளவு பெரிதென்பதைப் புதிய குளிசைகளின் கதை சொல்கிறது. அமிலத்தோடு பித்தநீரும் மேலேறி எரிவை உண்டாக்குகிறது என்ற ஊகத்தின் மேல், இரைப்பையிலேயே தங்கிப் பித்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு குளிசையை அயன்வுட் என்ற அமெரிக்கக் கம்பெனி உருவாக்கியது. 280 நோயாளரிடம் நடந்த இடைநிலைப் பரீட்சையில், அதிக அளவு மருந்துண்டவர்களின் நெஞ்செரிவுக் கடுமை சராசரியாக நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. வெறும் மாவுக் குளிசை உண்டவர்களுக்கோ 46 பங்கு குறைந்தது. இடையிலுள்ள பன்னிரண்டு பங்கை நம்பிப் பெரும் பொருட்செலவில் இறுதிப் பரீட்சை தொடங்கப்பட்டது; 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், பலன் போதாதென்று கண்டு முயற்சி கைவிடப்பட்டது. தசைத் தளர்ச்சியைத் தடுக்கும் லெசோகபெரான் என்ற மருந்தும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவ்வாறே மறைந்தது. ஜப்பானில் 2014இல் அனுமதி பெற்று, அமெரிக்காவில் 2023இல் உணவுக்குழாய்ப் புண்ணுக்கும் 2024இல் புண்ணில்லாத நெஞ்செரிவுக்கும் அங்கீகாரம் பெற்ற வொனோப்ரசான், பம்பு இயங்கும் நேரத்துக்குக் காத்திராமல் அமிலத்தை அடக்கும் வல்லமையுள்ளது. இரவில் உண்பவருக்கு இது ஒரு மெய்யான அநுகூலம். ஆயினும் 772 பேரிடம் நடந்த பரீட்சையில், அம்மருந்து உண்டவர்களுக்கு எரிவில்லாத நாட்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 45 என்றால், மாவுக் குளிசை உண்டவர்களுக்கு ஏறக்குறைய 28 என்பதையும், அந்த 772 பேரும் பழைய மருந்துக்கு அடங்காதவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் விளம்பரத் துண்டுகள் உரக்கச் சொல்வதில்லை.

போதிய பரீட்சையின்றிப் புகுந்தவை செய்த தீங்கும் சிறிதன்று. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசையில் ஊசிவழி செலுத்தி வாயிலைத் தடிக்கச் செய்யும் என்டெரிக்ஸ் என்ற திரவம் அமெரிக்காவில் 2003இல் அநுமதி பெற்று, மரணமும் கொடிய விளைவுகளும் நேர்ந்தமையால் 2005இல் திரும்பப் பெறப்பட்டது. நெஞ்செரிவுக்கென்று தாராளமாக எழுதப்பட்ட சிசப்பிரைட், இருதயத் துடிப்பைக் குலைப்பது தெரிந்து, 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையை விட்டகன்றது. நெஞ்செரிவு பெரும்பாலும் உயிரை வாங்கும் நோயன்று. உயிரை வாங்காத நோய்க்கு உயிரை வாங்கும் மருந்தைக் கொடுப்பதில் நியாயம் ஏது?

இதெல்லாம் செல்வ நாடுகளின் கதை, நமக்கு இதில் என்ன என்று கேட்போருக்குத் தம்புள்ளையைச் சூழ்ந்த பிரதேசமே விடை சொல்லும். பூச்சிமருந்து அருந்தியவர்களுக்குக் கரித்தூளை மீண்டும் மீண்டும் கொடுப்பது உயிர்காக்கும் சிகிச்சையென்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை உள்ளிட்ட மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4632 நோயாளரைச் சீட்டுப்போட்டுப் பிரித்து நடத்தி, 2008இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான பரீட்சை அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. ஆறு முறை கரித்தூள் பெற்றவரில் நூற்றுக்கு 6.3 பேரும், ஒன்றுமே பெறாதவரில் 6.8 பேரும் மாண்டனர்; பேதம் என்று சொல்லத்தக்க பேதம் இல்லை. பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் இல்லாத மாகாண வைத்தியசாலைகள், இரவு பகலாக வந்து குவியும் நோயாளருக்கிடையே, உலகம் முழுவதும் படிக்கும் விடை ஒன்றைக் கண்டு சொல்லின. பின்னர் 2016க்கும் 2017க்கும் இடையில் நமது நாட்டின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம், மூன்று இரத்த அழுத்த மருந்துகளைச் சிறு அளவில் ஒரே குளிசையாகக் கொடுக்கும் பரீட்சையும் செம்மையாக நடந்தேறியது. இலங்கை வைத்திய சங்கம் 2006இல் நிறுவிய மருத்துவப் பரீட்சைகளின் பதிவேடு இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய ஔஷதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கிறது. ஆட்களும் விதிகளும் உள்ள இடத்தில் கேள்வி மாத்திரம் குறைகிறது.

கேள்வியைத் தொடுக்க வேண்டிய பூர்வாங்க வேலையைக் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் அவர்தம் சகாக்களும் ஓரளவு செய்திருக்கிறார்கள். இந்நாட்டவருக்கென்று சரிபார்த்து அமைத்த ஒரு வினாத்தாளைக் கொண்டு, 25 மாவட்டங்களிலும் 1200 பேரை விசாரித்து 2023இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிவோ எதுக்களிப்போ உள்ளவரிடம் மனவழுத்தம் மற்றவரைவிட அதிகமென்று காட்டியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீரழிவையும், எரிபொருளுக்கு நின்ற வரிசைகளையும், விலை போகாமல் அழுகிய மரக்கறியையும் நினைவில் வைத்திருக்கும் வியாபாரிக்கு இதை விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவர் எரிவைக் கண்டதும் அமிலத்தையே நினைக்கிறார்.

என் யோசனை இது. வொனோப்ரசானோ அதன் பின்னோர் மருந்தோ, ‘அடங்காத நெஞ்செரிவுக்கு’ என்று நமது மருந்தகங்களில் பரவுமுன், தம்புள்ளை போன்ற ஊர்களின் ஆதார வைத்தியசாலைகளை உட்படுத்தி நாமே ஒரு பரீட்சையை நடத்த வேண்டும். அதன் முதற்படி புதிய மருந்தன்று, பழைய மருந்தே. அடங்கவில்லையென்று வரும் ஒவ்வொருவருக்கும் விழுங்குவதில் தடை, காரணமற்ற மெலிவு, கரிய மலம், இரத்த வாந்தி ஆகியவை உண்டா என்றும், நெஞ்சில் எரிவதாகச் சொல்வது இருதயத்தின் வேதனையா என்றும் முதலில் விசாரித்து, அப்படியானவரை உடனே தக்க இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பின்பு எஞ்சியோருக்கு, அவரவர் உண்ணும் மணியை அறிந்து அதற்கு முன்னதாக ஒமிப்ரசோலை இரண்டு வாரம் கொடுத்து, உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடச் சொல்லி, முடியாதவருக்குத் தலைமாட்டை உயர்த்தி இடப்பக்கம் சாய்ந்து படுக்கக் கற்பித்துப் பார்க்க வேண்டும். இதற்கு மருந்துச் செலவு சொற்பம். எத்தனை பேருக்கு அடங்கிற்று என்ற ஒரு தொகை கிடைத்தாலே அது நமது சொந்த அறிவாகும். அதன் பின்னும் எரிபவரையே அமிலமும் அழுத்தமும் அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பி, அங்கும் தேறியவரை மாத்திரம் புதிய சிகிச்சைக்கும் மாவுக் குளிசைக்கும் சீட்டுப்போட்டுப் பிரிக்கலாம். ஆயுர்வேதமும் சித்தமும் அமிலபித்தத்துக்கும் குன்மத்துக்கும் சொல்லும் சூரணங்களையும் இதே தராசில் நிறுக்கத் தடையில்லை. நிறுக்க அஞ்சுவதுதான் அவற்றுக்கு இழுக்கு.

ஆட்சேபங்கள் வரும். நாள் முழுதும் மூக்கில் குழாயோடு இருக்கும் பரிசோதனை விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில்தான் உண்டு. தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கோ றாகமைக்கோ போய்வருவதென்றால் நாட்டாமைக்கு இரண்டு நாள் கூலி போகும். அந்தக் கூலியைப் பரீட்சை நடத்துவோர் ஈடுசெய்ய வேண்டும்; அது லஞ்சமென்று மூக்கைச் சுளிக்கும் ஒழுக்கக் குழுவினர், அமெரிக்கப் பரீட்சையிலேயே 54 பேர் பரிசோதனைகளை முடிக்காது போனதை யோசிக்கட்டும். மாவுக் குளிசை கொடுப்பது வஞ்சனை என்பார் சிலர். இருசாராருக்கும் ஒமிப்ரசோல் கிடைக்கிறது. கூடுதலாகக் கொடுப்பதில்தான் பேதம். இன்னது கிடைக்குமென்று தெரியாதென்பதைச் சம்மதப் பத்திரத்தில் தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, படிக்க இயலாதவருக்கு அவர் பேசும் பாஷையிலேயே வாசித்துச் சொல்லியபின் வஞ்சனைக்கு இடமேது? மருந்துக் கம்பெனிகள் பணம் தந்தால் முடிவு சாயாதா என்பது மாத்திரம் கனமான ஆட்சேபம். முதல் நோயாளியைச் சேர்க்குமுன்பே, எதை வெற்றியென்று கொள்வோம் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைத்து, முடிவு எதுவாயினும் வெளியிடுவதென்ற நிபந்தனைக்கு உட்படாத பணத்தைத் தொடக்கூடாது.

இவ்வளவுக்கும் பின், அமெரிக்கப் பரீட்சையிலே அமிலமுமின்றி எதுக்களிப்புமின்றி எரிவை மட்டும் அநுபவித்த அந்த 99 பேரைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டுப்போட்டுச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 78 பேரைவிட அவர்கள் தொகை அதிகம். அந்தப் பரீட்சையிலே அவர்களுக்குப் பெயர் கிடைத்ததேயன்றிச் சிகிச்சை கிடைக்கவில்லை. அமில மருந்தைப் பெருக்குவதாலும் கத்தியாலும் அவர்களுக்கு ஆவதொன்றுமில்லை. நரம்புணர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்துகளைச் சிறு அளவில் கொடுப்பதும், மனத்தைத் தளர்த்தும் சுவாசப் பயிற்சியும், அச்சத்தை நீக்கும் சம்பாஷணையுமே அவர்களுக்குச் சொல்லப்படுபவை. இவற்றில் கம்பெனிகளுக்கு லாபம் இல்லை. ஆகவே இவற்றைப் பெரிய அளவில் பரீட்சிக்க அவை முன்வரப் போவதில்லை. அரசாங்கப் பணத்தில், அரசாங்க வைத்தியசாலைகளில் நடக்கும் நமது பரீட்சை அவர்களைப் பதிவேட்டிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பாமல், அவர்களுக்கென்று இரண்டாவது சீட்டு ஒன்றைப் போடுமானால், சுவாசப் பயிற்சி கற்பிக்க வேண்டிய நேரம் எது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: தம்புள்ளையில் அதைப் பிற்பகல் நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சந்தைக்காரர்கள் அப்போதுதான் விழித்தெழுந்து, வேலைக்குப் போகுமுன் சற்று ஓய்வாக இருப்பார்கள்.